கழுகுப் பொட்டலில் நார்வே கூட்டுச் சுரங்கம்

தியாகராய நகர்,
சென்னை-17.
தை மாதம் 7, திங்கள்கிழமை (20-1-1975)

பெருமதிப்பிற்குரிய இசக்கிமுத்து அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சிதம்பரநாதன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கு நான், வல்லி, பிள்ளைகள், நகைக்கடை, கடைக்குப் பின்னால் உள்ள பட்டறை எல்லாம் செந்திலாண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கு நீங்களும் தங்கபுஷ்பம் அக்காவும் சினைப் பசுவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அக்காவுக்கு நான் அனுப்பிய பொங்கப்படிச் சீர் வந்து சேர்ந்ததா? வெண்கலப் பானைக்குள் புடவையை மடித்து வைத்து வாயைத் துணியால் கட்டியிருந்தேன். கட்டு அவிழ்ந்திருந்தால் எழுதவும். லாரி ஆபீஸ்காரரிடம் சண்டை போட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

நிற்க. சனிக்கிழமை நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். "பத்திரம் பதிய வேண்டாம்" என்று மட்டும் கண்டிருந்ததால் பதறியிருப்பீர்கள். பதற வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். அக்காவையும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். வருகிற புதன்கிழமை நீங்கள் கழுகுப் பொட்டல் பதினொரு ஏக்கரையும் மாணிக்கவாசகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர் வாய்க்கால் ஓரத்து நஞ்சை ஒன்றரை ஏக்கரை உங்களுக்கு எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. அவருக்கு டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட இடம் வேண்டும், நமக்கு நாலு மூட்டை நெல் விளைகிற வயல் வேண்டும். நல்ல யோசனை, கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று மார்கழியில் உங்களுக்கு எழுதியவனும் நான்தான். அத்தான், அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள். மாணிக்கவாசகம் கொட்டகை போட நினைக்கிற இடத்துக்கு அடியில் செம்பும் தங்கமும் இருக்கிறது. நான் சொல்லவில்லை, நார்வே தேசம் சொல்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு நாள் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது ஆறரை அடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் இங்கிலீஷை நெஞ்சில் திரட்டிக்கொண்டு எழுந்தேன். அவரோ, "வணக்கம் நைனா. நம்ம சம்சாரத்துக்கு வளையல் வோணும். சோக்கா கீறதா பாத்து எடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் ஹால்வர்சனாம், நார்வே தேசத்துக்காரர். அடையாறில் வாடகை வீட்டில் இரண்டு வருஷமாக இருக்கிறார். தமிழ் கற்றுக்கொடுத்தது அவருடைய கார் டிரைவர், சிந்தாதிரிப்பேட்டைக்காரன். நமக்குப் பேச்சில் ஒரு குறையும் இல்லை, அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதைத் தவிர. வளையல் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் சுரங்க என்ஜினீயர். அவருடைய கம்பெனி இந்தியாவில் செம்பு தேடுகிறது. இந்த ஊர்க்காரர் யாராவது கூட்டாளியாகச் சேர்ந்தால் நிலம் நம்முடையது, யந்திரமும் பணமும் அவர்களுடையது, வருவதில் பங்கு. சொல்லிவிட்டுக் கையிலிருந்த சுத்தியலால் என் கடைப் படிக்கல்லில் ஒரு துண்டு உடைத்து, நக்கிப் பார்த்து, "உப்பு கம்மி" என்று தூரப் போட்டார். மாங்கல்யம் வாங்க வந்திருந்த பெண்வீட்டார் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். கல்லின் குணம் நாக்கில்தான் தெரியுமாம். அப்போதுதான் எனக்கு உங்கள் பொட்டல் ஞாபகம் வந்தது. நாலு கிணறு வெட்டியும் ஒரு சொட்டு ஊறாத இடம், புல்கூட முளைக்க யோசிக்கிற இடம். அத்தனை சிவப்பு மண்ணைக் கடவுள் சும்மாவா கொட்டி வைத்திருப்பார்?

அதனால்தான் உங்களுக்கு எழுதி ஒரு சாக்கு மண் கேட்டேன். நீங்களும் எதற்கென்று கேட்காமல் லாரியில் போட்டு அனுப்பினீர்கள். அந்தச் சாக்கை நான் சாக்காகவா நினைத்தேன்? ஒரு ஓரத்தில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்து, பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். பட்டறையில் வேறு சாக்கும் உண்டு என்பதால், இது போக வேண்டிய சாக்கு என்று அடையாளம் தெரிய வேண்டுமே. உங்களுக்குத் தெரியாததில்லை, நகைப் பட்டறையில் அரத்தால் ராவும்போது சிந்துகிற தூள் தரையில் விழும். பெருக்கி அள்ளுகிற அந்தக் கூட்டல் மண்ணை ஒரு வருஷம் சேர்த்து வைத்து, தீபாவளிக்கு முன்னால் வேலம்மாவிடம் கொடுப்பது வழக்கம். அவள் கூவம் கரையில் குடிசை போட்டிருக்கிறவள். மழை வெள்ளம் வடிந்ததும் தை மாதத்தில் ஆற்றில் நின்று அரித்துப் பொடித் தங்கம் எடுப்பாள். அந்தக் கூட்டல் மண் சாக்கும் பட்டறையில்தான் இருந்தது. ஆயுத பூஜை அன்று நம் முருகையன் ஆசாரி பக்தி மேலீட்டால் தராசு, உலை, குறடு, மிதியடி, மின்விசிறி, என் மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமி. வித்தை தொடங்குகிற நாள், இதைவிட நல்ல நாள் வராது என்று பொட்டு வைத்த சாக்கை நானே என் தோளில் சுமந்து வந்து ஹால்வர்சன் துரையின் காரில் ஏற்றினேன். சாக்கு எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவு. நல்ல மண் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண் நார்வேக்கு விமானம் ஏறியதோடு சரி, மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. இதற்கிடையில் எனக்குக் கடையில் நிம்மதி கிடையாது. ராயப்பேட்டை கைசர் ஜஹான் அம்மாள் புரட்டாசியில் ஒரு கம்மலைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அதன் திருகாணியை முருகையன் ஆசாரி தொலைத்துவிட்டார். புதிதாகச் செய்து தருகிறேன் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். "எங்க அம்மா போட்ட திருகாணி, அதுதான் வேணும்" என்று வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து, ஒரு காதில் கம்மலோடு, ஒரு காதில் வேப்பங்குச்சியோடு என் எதிரில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒற்றைக் கம்மல் உட்கார்ந்திருக்கிற நகைக்கடைக்கு யார் வருவார்கள்? இந்த நேரத்தில்தான், பொங்கலுக்கு மூன்றாம் நாள், ஹால்வர்சன் துரை மறுபடியும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். "நைனா! உங்க அத்தான் மண்ணுல தங்கம் கீது! செம்பும் கீது!" என்று என்னை அப்படியே தூக்கிவிட்டார். தரைக்கு வந்ததும் ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னேன்.

அத்தான், கவனமாகக் கேளுங்கள். பதினொரு பங்கு தங்கத்துக்கு ஒரு பங்கு செம்பு! உலகத்தில் எந்தச் சுரங்கத்திலும் இயற்கை இவ்வளவு கச்சிதமாகக் கலந்ததில்லையாம். அவருடைய ஊர்ப் பெரிய விஞ்ஞானி ஒருவர் மூன்று முறை சோதித்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டாராம். இது நாங்கள் நகைக்குக் கலக்கிற அதே கணக்கு! உங்கள் பொட்டலில் பூமாதேவியே உட்கார்ந்து இருபத்திரண்டு காரட்டுக்குக் கலந்து வைத்திருக்கிறாள். தோண்டி எடுத்து நேரே வளையல் அடிக்கலாம். கொஞ்சம் வெண்காரமும் அடுப்புக்கரியும் புளியும்கூட மண்ணில் இருந்ததாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழம்பொருள். அதன் போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார், இரண்டு கை அகலம் இருக்கும். வட்டமான பீடம், நடுவில் சுற்றிச் சுற்றி வரி ஓடுகிற தூண். "மூவாயிரம் வருசத்துக்கு முன்ன அங்க தங்க வேல செஞ்சுகினு இருந்திருக்காங்க" என்றார் துரை. நம் முன்னோர் கட்டிய கோயில் தூணின் சிறு மாதிரியாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள்ளேயே இடைஞ்சல் கிளம்பும் என்பதற்கு என் பட்டறையே சாட்சி. முருகையன் ஆசாரி ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "அய்யா, வெண்காரம் எப்படிய்யா பூமிக்குள்ள போவும்? அது நாம பத்த வைக்கப் போடுறதுல்லா?" என்றார். விஞ்ஞானம் தெரியாதவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வல்லி அதற்கு மேல். "புளியுமா வெட்டி எடுப்பாங்க? ரசத்துக்கு ஆவும்" என்றாள். அவளோடு மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. ரசமும் இல்லை.

பிறகு ஒப்பந்தம் எழுத மயிலாப்பூரில் பெரிய வக்கீல் ஒருவரிடம் போனோம். துரை அவருடைய ஆபீஸ் மாடத்தில் இருந்த கருங்கல் பிள்ளையாரைப் பார்த்து நாக்கை நீட்டியதும் நான் பாய்ந்து நடுவில் நின்றுகொண்டேன். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குப்பொடி போட்டார். "ஓய் சிதம்பரநாதன், மண்ணு உங்க அத்தானோடது. மண்ணுக்குக் கீழே இருக்கறது சர்க்காரோடது. புதுச் சட்டப்படி வெளிநாட்டுக்காராளுக்கு நூத்துக்கு நாப்பதுக்கு மேலே தரப்படாது. அப்போ நீங்க ரெண்டு பேரும் எதைப் பங்கு போட்டுக்கப் போறேள்?" என்றார். துரை என்னைப் பார்த்தார், நான் துரையைப் பார்த்தேன். "அத்த வுடு சார், மொதல்ல தோண்டுவோம்" என்றார் துரை. இவ்வளவு துணிச்சலான கூட்டாளி எனக்கு எங்கே கிடைப்பார்? சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கியாயிற்று. நீங்கள்தான் கம்பெனிக்குச் சேர்மன். சேர்மன் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், நடு நாற்காலியில் உட்கார வேண்டும். சட்டை போட்ட போட்டோ ஒன்று அனுப்பவும். போன தடவை ரேஷன் கார்டுக்கு அனுப்பியது போல் துண்டோடு வேண்டாம், நார்வேயில் குளிர் அதிகம், பார்க்கிறவர்களுக்கு நடுங்கும்.

கம்பெனிப் பெயரில்தான் எனக்கும் துரைக்கும் ஒரே ஒரு வாக்குவாதம். நார்வே பெயர் முன்னால் வர வேண்டும் என்றார் அவர். முடியாது என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டேன். 'தங்கபுஷ்பம் நார்வே செம்பு தங்கச் சுரங்கக் கம்பெனி' என்றுதான் இருக்க வேண்டும். இதை மட்டும் விளையாட்டாக எழுதவில்லை அத்தான். உங்களுக்கு அக்காவைக் கொடுக்கலாம் என்று வீட்டில் முதலில் பேசியவன் நான். மாப்பிள்ளை தங்கமானவர், பதினொரு ஏக்கர் இருக்கிறது என்று சொன்னேன். மாப்பிள்ளை விஷயத்தில் என் கணக்குத் தப்பவில்லை. ஏக்கர் விஷயத்தில் தப்பிவிட்டது. இருபது வருஷமாக அக்கா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுவிட்டு வந்து, நம் பொட்டலைப் பார்த்துக்கொண்டு உலை வைக்கிறாள். ஒரு நாள் ஒரு சொல் என்னைக் குறை சொன்னதில்லை. அவள் காலை நனைக்க ஒரு வயல் வேண்டும் என்று கேட்டாள். ஒரு வயல் என்ன, வாய்க்காலையே வாங்கிக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது. ஆகையால் புதன்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மாணிக்கவாசகம் வந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். சினைப் பசு நல்லபடி ஈன வேண்டும். குலசாமி உங்கள் இருவரையும் நடு நாற்காலியில் உட்கார வைக்கட்டும் என்று வேண்டி முடிக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
சி. சிதம்பரநாதன்
(வருங்கால மானேஜிங் டைரக்டர்)

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே கண்டதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையில் வேலம்மா கடைக்கு வந்தாள். ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டி மேல் டங்கென்று ஒரு பனங்கொட்டையை வைத்தாள். பக்கத்தில் நாலு நத்தை ஓடு. அதன் பக்கத்தில் ஒரு பிடி ஆட்டுப் புழுக்கை.

"இன்னா நைனா, பதினாலு வருசமா உன் பட்டற மண்ண எட்த்துகினு போறேன். இந்த வருசம் இன்னா இது? மூணு நாளா இடுப்பளவு தண்ணில நின்னு அரிச்சிகினு கீறேன். தங்கத்தக் காணோம், ஆட்டுப் புழுக்கதான் வருது. உன் ஆசாரி நகை செய்றாரா, ஆடு மேய்க்கிறாரா?"

அத்தான், தியாகராய நகரில் நகைப் பட்டறைத் தரையில் பனங்கொட்டை விழாது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்கள் மண் வேலம்மாவிடம் போயிருக்கிறது. எங்கள் கூட்டல் மண் நார்வே போயிருக்கிறது. ஆயுத பூஜையில் ஆசாரி வைத்ததும் சேர்ந்து இரண்டு சாக்கிலும் குங்குமப் பொட்டு. இருபத்தைந்து வருஷமாக நகைக்கடை வைத்திருக்கிறவன், செம்பும் தங்கமும் கலந்த கணக்கையும் நகை துலக்குகிற புளியையும் கேட்டவுடனே அது எங்கள் பட்டறைத் தூள் என்று தெரியாமல், பூமாதேவி கலந்தாள் என்று எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். முருகையன் ஆசாரி மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. வல்லி அன்று ரசம் வைத்தாள்.

துரைக்குப் போன் செய்தேன். வந்தார், நிலைப்படியில் இடித்துக்கொண்டார், கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையிலிருந்து பஞ்சில் பொதிந்த மூவாயிரம் வருஷத்துப் பழம்பொருளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிளகு அளவு. கைசர் ஜஹான் அம்மாளின் திருகாணி. ஆள் அனுப்பியதும் அந்த அம்மாள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் வந்து, நார்வே போய்வந்த திருகாணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே காதில் மாட்டிக்கொண்டார்கள். சோதனையில் உருக்கி எடுத்த தங்கக் குண்டுமணியைத் துரை மேஜையில் வைத்ததும் வேலம்மா கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். "இது என் மண்ணுல வந்தது. மீதி மண்ணு எங்க கீது?" என்று கேட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதி மண் அடுத்த விமானத்தில் திரும்பி வருகிறது. துரையின் தாத்தாவும் ஆற்றில் தங்கம் அரித்தவராம். நேற்றிலிருந்து அவர் காலையில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கூவத்தில் வேலம்மாவிடம் அரிக்கக் கற்றுக்கொள்கிறார். "கைய ஆட்டாத நைனா, தட்ட ஆட்டு" என்று அவள் அதட்டுவது பாலம் வரைக்கும் கேட்கிறதாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. செவ்வாய்க்கிழமை பனங்கொட்டையைப் பார்த்ததும் நான் செருப்புக்கூடப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடி, "பத்திரம் உடனே பதியவும்" என்று இரண்டாவது தந்தி கொடுத்தேன். முதல் தந்தியைப் படித்து நீங்கள் மாணிக்கவாசகத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால், பொட்டலுக்குக் கட்டிக் கொடுத்தது போதாதென்று அக்காவின் வயலையும் நானே பறித்தவன் ஆவேன். புதன்கிழமை முழுவதும் சோறு இறங்கவில்லை. மாலையில் அங்கிருந்து டிரங்க் கால் வந்ததல்லவா, உங்களுக்கே தெரியும். ஆனால் போனை அக்கா உங்கள் கையில் கொடுக்கவே இல்லை என்பதால், அவள் என்ன சொன்னாள் என்பதை உங்கள் பொருட்டு எழுதுகிறேன்.

"ஏல தம்பி, ஒன் தந்தி சனிக்கிழமையே வந்துட்டு. நான் பிரிக்கலை."

"பிரிக்கலையா! ஏங்க்கா?"

"நல்ல காரியத்துக்கு நாள் குறிச்சிருக்கு. தந்தின்னா நல்ல சேதியாவா இருக்கும்? பத்திரம் முடியட்டும், பொறவு பாப்போம்னு ஒங்க அத்தானுக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன். இன்னிக்குக் காலைல இன்னொண்ணு வந்துச்சு. அதையும் அதுக்குள்ளயே போட்டேன்."

"நான் செத்துப்போயிருந்தா?"

"நீ செத்தா நீயே எப்படில தந்தி குடுப்ப? அனுப்புனது சிதம்பரநாதன்னு தபால்காரன் சொன்னாம்லா. மத்தியானம் பத்திரம் பதிஞ்சாச்சு. நேரா வயக்காட்டுக்குப் போயி முழங்கால் வரைக்கும் எறங்கி நின்னுட்டுத்தான் வாரேன். வந்து ரெண்டையும் வாத்தியார்ட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒண்ணு பதியாதங்கு, ஒண்ணு பதியிங்கு. ஒனக்கு மெட்ராஸ்ல என்னல ஆச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெரிய கடிதம் எழுதியிருக்கிறேன், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். "கிழிச்சிராத. அப்படியே அனுப்பு. நெல்லு வெதைக்க அன்னிக்கு எல்லாரையும் கூட்டி வச்சு வாசிக்கணும்" என்றாள். அதற்குள் டிரங்க் காலின் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

ஆகையால் அத்தான், சட்டை போட்ட போட்டோ அனுப்ப வேண்டாம். மாணிக்கவாசகத்திடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். கழுகுப் பொட்டலைக் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று துரை ஒரே பிடிவாதம். கொட்டகை திறக்கிற அன்று முதல் ஆட்டத்துக்கு எனக்கும் துரைக்கும் வேலம்மாவுக்கும் மூன்று இடம் வேண்டும். நாற்காலி வேண்டாம், தரை டிக்கெட்டே போதும். அந்த மண்ணில் எங்கள் பங்குக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம்.